கற்பகத்துக்கு மட்டும் தை பிறந்த கதை

மானாவாரி மேம்பாட்டு வாரியம் என்று ஒன்று இருக்கிறது. கோவில்பட்டியில் அதற்கு ஒரு வட்டார அலுவலகமும் இருக்கிறது. கரிசல் காட்டுச் சம்சாரியின் நிலத்தில் கிணறு இல்லை, வாய்க்கால் இல்லை, வானம் பெய்தால்தான் வெள்ளாமை என்று சான்று கொடுப்பது வாரியத்தின் வேலை. சம்சாரிக்கு அது பிறந்ததிலிருந்தே தெரியும். அவன் மாட்டுக்கும் தெரியும். அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டாமா? அதற்காக ஒரு கூட்டம் ஆட்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, இல்லாத தண்ணீரை வருஷா வருஷம் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் மூத்தவர் சிவனாண்டி, முதுநிலை உதவியாளர். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி அவருக்கு ஓய்வு. ஓய்வு பெறுவதில் என்ன இருக்கிறது, அறுபது வயதானால் தன்னால் வரப்போகிறது என்று வெளியாட்கள் நினைக்கலாம். வாரியத்தில் வேலை பார்த்தவனைக் கேட்டால் சொல்லுவான். கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் விட்டுவைத்து, மாலை போடப்போகும் நேரத்தில் ஏதாவது ஒரு குற்றத்தைத் தோண்டியெடுத்து, சஸ்பெண்ட் செய்து, விசாரணை முடியும்வரை ஓய்வுபெற அனுமதியில்லை என்று நிறுத்திவைப்பது அங்கே நீண்டநாள் வழக்கம். அப்படி நிறுத்தப்பட்ட கருத்தையா என்ற கண்காணிப்பாளர் செத்துச் சுண்ணாம்பாகி வருஷங்களாகிவிட்டன. விசாரணை மட்டும் நல்லபடியாக நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே சிவனாண்டிக்கு மீதமிருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். கடைசி நாளில் ஒரு மெமோ இல்லாமல், கழுத்தில் மாலையோடு, நாலு பேர் பார்க்க அலுவலகப் படியை இறங்கிவிட வேண்டும். அவருடைய மனைவி வெயிலுகந்தம்மாளுக்கும் அதே ஆசைதான். "வேலைக்குச் சேரும்போது ஒருத்தரும் மாலை போடல. போகும்போதாவது போடட்டும்" என்று செண்பகவல்லியம்மனிடம் நேர்ந்துகொண்டாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் வாரியம் தன்னுடைய கம்ப்யூட்டரை மாற்றுவது என்று முடிவெடுத்தது.

பழைய கம்ப்யூட்டர் கறுப்புத்திரையில் பச்சை எழுத்துக் காட்டும். சிவனாண்டிக்கு இளவயதில் அதைப் பழகவே ஒரு வருஷம் பிடித்தது. பழகியபிறகு இரண்டுபேருக்கும் ஒத்துப்போய்விட்டது. எந்தப் பொத்தானை அமுக்கினால் சேமிக்கும், எதை அமுக்கினால் கோபித்துக்கொண்டு நின்றுவிடும் என்று விரலுக்கே தெரியும். அதை எடுத்துவிட்டு, 'கற்பகம்' என்ற புது சிஸ்டம் வரப்போகிறது என்று வட்டார இயக்குநர் நவநீதகிருஷ்ணன் கூட்டம் போட்டு அறிவித்தார். அவர் ராகுகாலத்தில் கையெழுத்துப் போடமாட்டார், எமகண்டத்தில் தொலைபேசியை எடுக்கமாட்டார். மிச்ச நேரத்தில் நிர்வாகம் செய்வார்.

"அன்பார்ந்த ஊழியப் பெருமக்களே! இன்றுமுதல் நமது அலுவலகம் காகிதம் இல்லாத, கறுப்புத்திரை இல்லாத, போகப்போக ஊழியர்களே இல்லாத அலுவலகமாக மலர இருக்கிறது. கற்பகம் என்றால் கேட்டதைக் கொடுப்பது. என்ன கொடுக்கும் என்பது எனக்கும் இன்னும் தெரிவிக்கப்படவில்லை. ஆனால் கொடுக்கும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று சில மூத்த ஊழியர்கள் பேசிக்கொள்வதாகக் காதில் விழுந்தது. கவலை வேண்டாம். வளையாததை ஒடிப்பதற்கு நிதி ஒதுக்கீடு வந்துவிட்டது."

எல்லாரும் கைதட்டினார்கள். சிவனாண்டியும் தட்டினார்.

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் கற்பகத்தில் தேர்வெழுதித் தேற வேண்டும், தங்கள் பொறுப்பிலுள்ள கிராமங்களின் சான்றுகளைப் பழைய பெட்டியிலிருந்து கற்பகத்துக்குத் தாங்களே ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாக்கி இல்லாச் சான்று கிடையாது என்று சுற்றறிக்கை வந்தது. பாக்கி இல்லாச் சான்று இல்லாதவனை மாலையோடு அனுப்பமாட்டார்கள். சிவனாண்டி அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

பயிற்சி கொடுக்க ஒப்பந்தக் கம்பெனியிலிருந்து சதீஷ்குமார் என்ற இளைஞன் வந்தான். சுற்றறிக்கையில் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு 'வயது முதிர்ந்த பயனாளர்' என்று பெயர். அவர்களைத் தனி வரிசையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு சிவப்பு எல் போர்டைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். அது இயக்குநரின் சொந்த யோசனை. மற்ற ஊழியர்களும் பொதுமக்களும் இவர்கள் பக்கத்தில் போகும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டுமல்லவா? சிவனாண்டி ஒருநாள் அதைக் கழற்ற மறந்து டீக்கடைக்குப் போய்விட்டார்.

"என்ன அண்ணாச்சி, இந்த வயசுல கார் பழகுதீங்களா?" என்றார் டீ மாஸ்டர்.

"ஆமாய்யா" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். உண்மையைச் சொல்வதைவிட அது மரியாதையாக இருந்தது.

முதல் நாள் பாடம், கடவுச்சொல் அமைப்பது. சிவனாண்டி யோசித்துப் பார்த்துத் தன் குலதெய்வத்தின் பெயரைத் தட்டினார். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: 'சுடலைமாடன் மிகவும் பலவீனமானது.' சிவனாண்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நடுச்சாமத்தில் அந்தப் பீடத்துப் பக்கம் போலீஸ்காரன்கூடப் போகமாட்டான். சுடலையைப் பலவீனம் என்று சொன்ன முதல் ஆள் இந்தப் பெட்டிதான்.

"அங்கிள், சாமிகூட ஒரு நம்பரும் ஒரு ஆச்சரியக்குறியும் சேருங்க. ஸ்ட்ராங் ஆயிரும்" என்றான் சதீஷ்குமார்.

சிவனாண்டி மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சேர்த்தார். கற்பகம் ஏற்றுக்கொண்டது. மறுநாள் காலையில் அவருக்கு ஆச்சரியக்குறி சாமிக்கு முன்னாலா பின்னாலா என்பது மறந்துபோயிருந்தது.

தேர்வில் மவுஸைப் பிடித்துத் திரையில் பறக்கும் பலூன்களை உடைக்க வேண்டும். மானாவாரிக்கும் பலூனுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. சிவனாண்டி முதல் தடவை தோற்றார். இரண்டாம் தடவையும் தோற்றார். இரண்டு தடவை தோற்றவர் பெற்றோரையோ பாதுகாவலரையோ அழைத்துவர வேண்டும் என்று விதி இருந்தது. தாய் தகப்பன் காலமாகிவிட்டதால் வெயிலுகந்தம்மாள் வந்தாள்.

இயக்குநர் அவளை உட்காரச் சொன்னார். சிவனாண்டியை நிற்கச் சொன்னார்.

"பாருங்கம்மா, உங்க வீட்டுக்காரர் கிளாஸ்ல கவனிக்கறதே கிடையாது. பக்கத்துல உள்ளவரைப் பாத்து உடைக்கறார். வீட்டுல உக்கார வச்சுப் படிக்கவைங்க."

"எங்க வீட்டுல இந்தப் பெட்டி இல்லய்யா. உலக்கைதான் இருக்கு. அதை வச்சு உடைக்கதுன்னா நானே ரெண்டு மூணு உடைச்சுத் தாரேன்."

சிவனாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் முன்னால் அவர் இப்படி நின்றதில்லை. வெளியே வந்ததும் அவள் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் கத்தரிக்காய் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். அந்தக் கரிசனம்தான் அவருக்கு இன்னும் வலித்தது.

மூன்றாம் தடவை தேறிவிட்டார். எல் போர்டைக் கழற்றினார்கள்.

இதற்குள் இன்னொரு சிக்கல் முளைத்தது. கற்பகத்தை வாரியத் தலைவர் கார்த்திகையில் வந்து தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. அவருக்கு வரிசையாகக் கல்யாண வீடுகள். அவர் ஒழிந்து வருவதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. டிசம்பர் முடிவதற்குள் எல்லா வட்டாரமும் மாறியாக வேண்டும் என்று சென்னைத் தலைமையகம் கழுத்தில் கத்தி வைத்தது. நவநீதகிருஷ்ணன் பஞ்சாங்கத்தை ஒரு கையிலும் உத்தரவை மறு கையிலும் வைத்துக்கொண்டு சதீஷ்குமாரைக் கூப்பிட்டார்.

"மார்கழியில எவனாவது புதுசா ஒண்ணைத் தொடங்குவானாலே? பால் காய்ச்சமாட்டான், பொண்ணு பாக்கமாட்டான். எங்க வீட்டுல மாட்டுக்குப் புதுக் கயிறுகூட மாத்தமாட்டோம்."

"சார், சிஸ்டத்துக்கு மார்கழி, தையெல்லாம் தெரியாது."

"தெரியாதுல்லா? அப்போ தைன்னு சொல்லு. நம்பிக்கிடட்டும்."

சதீஷ்குமார் தலையைச் சொறிந்தான். "தேதியை முன்னால தள்ளலாம் சார். ஆனா ஒரு பதிவு ஏறிட்டுன்னா திரும்பப் பின்னால இழுக்க முடியாது. யாரும் தில்லுமுல்லு பண்ணிரக்கூடாதுன்னு பூட்டு வச்சிருக்காங்க."

"பின்னால எதுக்கு இழுக்கணும்? நாம என்ன பின்தங்கின வட்டாரமா?"

அப்படியாக, மார்கழி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கோவில்பட்டி முழுக்கப் பனியில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, கற்பகத்துக்கு மட்டும் தை மாதத்து வளர்பிறை முகூர்த்தம் வந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குச் சக்கரம் கிடையாது. ஆகவே அதற்கு முன்னால் கிடந்த சுழல்நாற்காலியின் சக்கரங்களுக்கு அடியில் பழத்தை வைத்து, வாரியத் தலைவரை அதில் உட்காரவைத்து, நாலுபேர் பிடித்து உருட்டினார்கள். அவர் கையைத் தூக்கிக் கும்பிட்டபடியே உருண்டார். சிவனாண்டியின் பழைய பெட்டியைச் சைக்கிள் நிறுத்தத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

விழா முடிந்ததும் அவர் புதுப்பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, சாமியையும் ஆச்சரியக்குறியையும் சரியான இடத்தில் போட்டார். திரையில் ஊன்றுகோல் பிடித்த ஒரு கிழவர் படம் வந்து கையசைத்தது. அதற்குக் கீழே எழுதியிருந்தது:

'மதிப்பிற்குரிய சிவனாண்டி, தாங்கள் பணி ஓய்வு பெற்றுவிட்டீர்கள். தங்கள் எஞ்சிய வாழ்நாள் இனிதாக அமையக் கற்பகம் வாழ்த்துகிறது.'

அவர் இயக்குநர் அறைக்கு ஓடினார்.

"கற்பகம் பொய் சொல்லாதுல்லா" என்றார் நவநீதகிருஷ்ணன். "உங்க ரிட்டயர்மென்ட் டிசம்பர்ல. கற்பகத்துக்கு இப்போ ஜனவரி கடைசி."

"சார், இன்னைக்கு டிசம்பர்தான சார்?"

"வெளியில டிசம்பர். உள்ள தை. நீங்க உள்ள வேலை பாக்குதீங்களா, வெளியில வேலை பாக்குதீங்களா?"

"உள்ளதான் சார்."

"அப்போ ரிட்டயர் ஆயிட்டீங்க."

"அப்போ நாளைலருந்து வரவேண்டாமா சார்?"

"வராம எப்படி? டிசம்பர் மாசம் வேலைக்கு வராம இருந்தா ஒழுங்கீனம். மெமோ குடுக்கவேண்டி வரும். கடைசி நேரத்துல தேவையா உங்களுக்கு?"

ஓய்வு பெற்றவருக்கு வருகைப்பதிவு கிடையாது. உள்ளே வர வேண்டுமானால் பார்வையாளர் டோக்கன் வாங்க வேண்டும். ஆக, சிவனாண்டி தினமும் காலையில் வாசலில் சம்சாரிகளோடு வரிசையில் நின்று டோக்கன் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, எண் வந்ததும் உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருநாள் பக்கத்தில் இடைசெவலிலிருந்து வந்த திருப்பதி என்ற சம்சாரி உட்கார்ந்திருந்தார். அவருடைய மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்துவிட்டது. மருந்துக்குச் சீட்டுக் கேட்டால், பருவம் முடிந்துவிட்டது, அமோக அறுவடைக்கு வாழ்த்துகள் என்று கற்பகம் சொல்லிவிட்டதாம்.

"புழு இன்னும் தின்னுக்கிட்டுல்லா இருக்கு! இவனுவ அறுவடை முடிஞ்சுட்டுங்கான். நீங்க எதுக்கு அண்ணாச்சி வந்திருக்கீங்க?"

"வேலைக்கு."

"வேலை கேட்டா? இந்த வயசுலயா?" என்று திருப்பதி தன் புழுவை மறந்து இவருக்காக உச்சுக்கொட்டினார்.

சான்றுகளை ஏற்றும் வேலை அப்படியே கிடந்தது. ஓய்வு பெற்றவர் பெயரில் கற்பகம் எதையும் ஏற்றாது. இயக்குநரே வழி சொன்னார். பக்கத்து நாற்காலி ஆனந்தியின் பெயரில் நுழைந்து முடித்துவிட வேண்டியதுதான். ஆனந்தி நல்ல பெண்.

"செய்ங்க அண்ணாச்சி. ஆனா எதுக்கும் சார்கிட்ட ஒரு வரி எழுதி வாங்கிக்கிடுங்களேன்."

"பெரிய மனுசன் வாயால சொன்னதை எழுதிக் கேட்டா அவரை நம்பலைன்னு ஆயிரும்மா" என்றார் சிவனாண்டி. முப்பது வருஷம் அரசாங்கத்தில் இருந்தும் மனிதருக்கு இவ்வளவு வெள்ளந்தித்தனம் மிச்சமிருந்ததை என்னவென்று சொல்ல. சைக்கிள் நிறுத்தத்தில் கிடந்த பழைய பெட்டியை அங்கேயே உயிர்ப்பித்து, அதிலிருந்து எழுதிக்கொண்டுவந்து, கண் எரிய எரிய எல்லாக் கிராமத்தையும் ஏற்றி முடித்தார். பாக்கி இல்லாச் சான்று கைக்கு வந்தது. அதைப் பூஜை மாடத்தில் வைத்து வெயிலுகந்தம்மாள் சூடம் காட்டினாள். தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டியாயிற்று. காருக்குச் சொல்லியாயிற்று. ஓட்டப்பிடாரத்திலிருந்து சம்பந்தி வீட்டார் குடும்பத்தோடு வருவதாகச் செய்தியும் வந்துவிட்டது.

நடுவில் தலைமையகத்தில் ஒரு அதிசயம் நிகழ்ந்தது. எந்தெந்த வட்டாரம் எந்தத் தேதிவரை வேலையை முடித்திருக்கிறது என்று அங்கே ஒரு பெரிய திரையில் தெரியும். மற்ற வட்டாரங்கள் எல்லாம் போன மாதத்தில் முக்கிக்கொண்டிருக்க, கோவில்பட்டி மட்டும் அடுத்த மாத வேலையையும் முடித்துவிட்டு அதற்கும் அப்பால் போய்க்கொண்டிருந்தது. காலத்தை வென்ற வட்டாரம் என்று பாராட்டி ஷீல்டு அனுப்பினார்கள். நவநீதகிருஷ்ணன் அதற்குத் தினமும் பொட்டு வைத்தார்.

ஷீல்டோடு ஒரு கேள்வியும் வந்தது. பணி ஓய்வு பெற்ற நபர் ஒருவர் தினமும் டோக்கன் வாங்கி அலுவலகத்துக்குள் நுழைந்து, பெண் ஊழியர் ஒருவரின் பெயரில் அரசுப் பதிவுகளைக் கையாளுவதாகத் தெரிகிறதே, விளக்கம் தருக. தேதியை முன்னால் தள்ளியதைச் சொன்னால் போதும், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் ஷீல்டைத் திருப்பிக் கேட்பார்கள். நவநீதகிருஷ்ணன் ஒரு நல்ல நேரம் பார்த்து, அப்படியா, உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்று பதில் எழுதினார்.

டிசம்பர் முப்பத்தொன்று வந்தது. கூட்ட அறையில் வழியனுப்பு விழா. சம்பந்திகள் முன்வரிசையில் இருந்தார்கள். வெயிலுகந்தம்மாள் பட்டுச்சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இயக்குநர் பேசினார்.

"சிவனாண்டி போல ஒரு ஊழியர் இந்த வாரியத்துக்கு இனிக் கிடைக்கமாட்டார். ஏனென்றால் அந்தப் பணியிடத்தை ரத்து செய்துவிட்டோம். அவர் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. எதைச் சொன்னாலும் எழுத்தில் கேட்டதில்லை. அந்தப் பண்பினால்தான் என்னைப் போன்றவர்கள் நிம்மதியாக நிர்வாகம் செய்ய முடிகிறது."

மாலை போட்டார். ஆளுயர ரோஜா மாலை. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. சிவனாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு சாப்பாடு. பாயசம்வரை எல்லாரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். இலையை மடக்கியதும் இயக்குநர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார்.

ஓய்வு பெற்ற பின்பும் வேலைக்கு வந்த குற்றத்துக்காகச் சிவனாண்டி சஸ்பெண்ட் செய்யப்படுகிறார், விசாரணை முடியும்வரை அவர் ஓய்வு பெற அனுமதியில்லை என்று அதில் இருந்தது.

சிவனாண்டி அதை இரண்டு தடவை படித்தார். "சார், நீங்கதான சார் வரச் சொன்னீங்க. ஆனந்தி பேர்ல ஏறச் சொன்னதும் நீங்கதான."

"சொன்னேன். இல்லைங்கல. எழுத்துல சொன்னேனா?"

"காலையிலயே குடுத்திருக்கலாமே சார்."

"சாப்பாட்டுக்குச் சொல்லியாச்சுல்லா? இத்தனை பேர் சாப்பாடு வீணாப் போகணுமா? எனக்கும் மனசாட்சி இருக்கு, சிவனாண்டி." பிறகு குரலைத் தாழ்த்தி, "மாலையைக் கழட்டிருங்க. சஸ்பெண்ட் ஆனவர் ஆபீஸ்ல மாலையோட நிக்கது தனிக்குற்றம். உங்க நன்மைக்குத்தான் சொல்லுதேன்" என்றார்.

சிவனாண்டி கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். அலுவலக உதவியாளர் மாரிராஜ் வந்து வாங்கிக்கொண்டுபோய்க் கற்பகத்துக்குச் சாத்தினார். சம்பந்திகள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று, விடைபெற்றுக்கொள்ளாமலே புறப்பட்டார்கள். வாயில் வெற்றிலை மென்றபடி படியிறங்கும்போது சம்பந்தியம்மாள் கூடவந்த ஒருத்தியிடம், "என்னத்தையோ கையாடிட்டாராம்லா. பாத்தா அப்படித் தெரியல" என்று சொன்னது வெயிலுகந்தம்மாள் காதில் நன்றாகவே விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சிவனாண்டி காரில் ஏறமாட்டேன் என்றுவிட்டார். இருவரும் பின்தெரு வழியாக நடந்தே வீட்டுக்குப் போனார்கள். தெருமுனையில் ஃப்ளெக்ஸில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி இருபதாம் தேதி விசாரணை என்று தலைமையகம் குறித்திருந்தது. சிவனாண்டி வீட்டைவிட்டு வெளியே தலைகாட்டாமல், சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மார்கழி, முகூர்த்தம், இயக்குநர் வாயால் சொன்னது, எல்லாவற்றையும் இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று முடிவு. அன்று காலையில் குளித்து, வெள்ளைச்சட்டை போட்டு, டோக்கன் வாங்கி உள்ளே போனார்.

"விசாரணையா? அது முடிஞ்சு போச்சே" என்றார் நவநீதகிருஷ்ணன்.

"இன்னைக்குத்தான சார் இருபது?"

"வெளியில இருபது. விசாரணைத் தேதியைக் கற்பகத்துல ஏத்தும்போதே அங்க பிப்ரவரி ஆயிட்டுல்லா. நீங்க வரலைன்னு அதுவே பதிவு பண்ணி, குற்றம் நிரூபணம்னு அதுவே தீர்ப்பும் எழுதிட்டு. என்ன வேகம், பாத்தீங்களா! உங்க பழைய பெட்டியா இருந்தா இழுத்தடிச்சிருக்கும்."

"எனக்கு என்ன தண்டனை சார்?"

இயக்குநர் திரையைத் திருப்பிக் காட்டினார். 'கட்டாய ஓய்வு' என்றிருந்தது.

சிவனாண்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றபிறகு வந்தார் என்று ஓய்வை நிறுத்தினார்கள். நிறுத்திய ஓய்வையே இப்போது தண்டனையாகக் கொடுக்கிறார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை. கேவலம், சந்தோஷம் வந்தது. எப்படியோ ஓய்வு என்ற ஒரு சொல் கைக்கு வந்துவிட்டதே என்று உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி சார்" என்று கும்பிட்டுவிட்டு வந்தார். மனிதனை எதுவரைக்கும் தேய்க்கலாம் என்பது வாரியத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கோயில் வாசல் பூக்கடையில் நின்று ஒரு மாலை கேட்டார்.

"வீட்டுல என்ன விசேஷம் அண்ணாச்சி? கல்யாணமா, பெரிய காரியமா?"

"ரிட்டயர்மென்ட்."

"அப்போ ரெண்டுக்கும் நடுவுல உள்ளதைத் தாரேன்" என்று கடைக்காரர் ஒரு சம்பங்கி மாலையை எடுத்துக் கொடுத்தார். சிவனாண்டி அதைத் தானே கழுத்தில் போட்டுக்கொண்டு, நடுப்பகலில், மெயின் ரோட்டு வழியாக வீட்டுக்கு நடந்தார். தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வாசலில் நின்ற வெயிலுகந்தம்மாள் மாலையைப் பார்த்தாள். "யாரு போட்டா?"

"நானேதான்."

அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அழுகையை அப்படியே விழுங்கிவிட்டு உள்ளே போய், தாம்பாளத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, வெற்றிலையில் சூடம் ஏற்றிக்கொண்டு வந்தாள். நடுத்தெருவில் அவரைக் கிழக்கே பார்க்க நிற்கவைத்து மூன்று சுற்றுச் சுற்றினாள். நெற்றியில் பொட்டு வைத்தாள். அந்தத் தண்ணீரைத் தெருவில் கொட்டுவதுதான் முறை. பட்ட கண்ணும் பிடித்த பீடையும் அதோடு போய்விடும். அதை மிதித்தவனைப் பிடித்துக்கொள்ளும். அவள் கொட்டவில்லை. ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"ஏறுங்க" என்றாள்.

தாம்பாளம் தளும்பாமல் மடியில் வைத்துக்கொண்டே அலுவலகம் வந்து சேர்ந்தாள். வாசல்படிக்கு நேரே நின்று, ஒரு சொட்டு மிச்சமில்லாமல், அகலமாகக் கொட்டினாள். "இத்தனை வருசம் இவிய தலையில ஏறுன சனியன் இங்கனயே கெடக்கட்டும்" என்று உரக்கச் சொல்லிவிட்டு ஆட்டோவில் வந்து உட்கார்ந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நவநீதகிருஷ்ணன் அப்போதுதான் காரிலிருந்து இறங்கினார். படியில் செக்கச்செவேலென்று கிடந்ததைப் பார்த்ததும் தூக்கிய காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். இடப்பக்கம் போய்ப் பார்த்தார், வலப்பக்கம் போய்ப் பார்த்தார். தாண்டுவதற்கு இடமில்லை. "ஏலே மாரிராஜ், தண்ணி கொண்டாந்து இதைக் கழுவுலே" என்று கத்தினார். மாரிராஜுக்கும் பிள்ளைகுட்டி இருந்தது. அவர் ஜன்னலோடு நின்றுகொண்டார். ஆனந்தியும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. காலத்தை வென்ற வட்டாரத்தின் இயக்குநர் தன் அலுவலகத்துக்கு வெளியே, மொட்டை வெயிலில், கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்.

ஆட்டோவுக்குள்ளிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த சிவனாண்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாலையை ஒதுக்கிவிட்டு ஒரு காலைக் கீழே வைத்தார்.

"எங்க போறீங்க?"

"சார் வெயில்ல நிக்காருல்லா. ஒரு வாளித் தண்ணி எடுத்து ஊத்திட்டு வந்திருதேன்."

வெயிலுகந்தம்மாள் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"சும்மா இருங்க. நீங்க ரிட்டயர் ஆயாச்சு."